கேட்டதும் சொன்னதும்: மெக்டவல் கவுண்டிக்கு வந்த கடிதங்கள்

போன இதழில் ஒருவர் "அமெரிக்காவிலும் ரேஷன் மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு, ஃபுட் ஸ்டாம்ப் என்று பெயர், அதன் முதல் கூப்பன் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் கவுண்டி என்கிற மலைப்பகுதியில்தான் கொடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த வாரப் பக்கத்தை முழுசாக அந்த ஊருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம்.

கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரியா? கலெக்டர் உண்டா? (தேனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

மாவட்டம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் கலெக்டர் கிடையாது. மேலிடத்திலிருந்து யாரும் அனுப்பி வைக்க மாட்டார்கள். மூன்று கமிஷனர்கள், ஷெரீஃப், சொத்து மதிப்பு போடுகிறவர், பதிவேடு வைத்திருக்கும் கிளார்க், அரசு வழக்கறிஞர் எல்லாருமே ஓட்டு வாங்கி வருகிறவர்கள். மேற்கு வர்ஜீனியாவில் இன்னொரு வேடிக்கை, திருடனைப் பிடிக்கிற அதே ஷெரீஃப்தான் வரியையும் வசூலிக்கிறார்.

மெக்டவல் கவுண்டி 1858-ல் உருவானது. அப்போது அது வர்ஜீனியாவோடு இருந்தது. உள்நாட்டுப் போர் நடுவில், 1863-ல், மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்தது. பரப்பளவு சுமார் 1,380 சதுர கிலோமீட்டர். சமதரை என்று சொல்ல அதில் அதிகம் கிடையாது. மலை, மலைக்கு நடுவே ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு ரோடு, ஒரு ரயில் தண்டவாளம், மிச்சமிருக்கிற இடத்தில் வரிசையாக வீடுகள். அந்த இடுக்குகளை அவர்கள் 'ஹாலர்' என்கிறார்கள். எழுதும்போது ஹாலோ, வாயில் வரும்போது ஹாலர். தலைநகர் வெல்ச். கவுண்டியின் தென்கோடியில் வார் என்று ஒரு டவுன் இருக்கிறது. ஆமாம், போர் என்று பொருள்படும் அதே சொல்தான், பக்கத்தில் ஓடும் ஓடையின் பெயரிலிருந்து வந்தது.

முதல் ஃபுட் ஸ்டாம்ப் 1939-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தில் கொடுக்கப்பட்டது. தாங்கள் எழுதியது தவறு. (ஓய்வு பெற்ற தபால் துறை ஊழியர், கும்பகோணம்)

ஐயா, தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். 1939-ல் தொடங்கிய திட்டம் 1943-ல் நின்றுபோனது. நான் சொன்னது இரண்டாவது பிறவியைப் பற்றி, அதுதான் இன்றுவரை தொடர்கிறது. அந்த வித்தியாசத்தை எழுதாமல் விட்டது என் அவசரம்.

அந்த இரண்டாவது பிறவியின் கதை இது. 1960-ல் ஜனாதிபதி வேட்பாளராக வருவதற்கு ஜான் கென்னடி ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே போட்டியிட வேண்டியிருந்தது. அவர் கத்தோலிக்கர், மேற்கு வர்ஜீனியாவோ பெரும்பாலும் புராட்டஸ்டன்டு மாநிலம். அங்கே ஜெயித்துக் காட்டினால்தான் மற்ற மாநிலத்துக் கட்சிக்காரர்கள் நம்புவார்கள் என்பதால் சுரங்க ஊர் ஊராகச் சுற்றினார், வெல்ச்சுக்கும் வந்தார். பாஸ்டன் பணக்கார வீட்டுப் பிள்ளை, வேலை போன சுரங்கத் தொழிலாளிகளின் அடுக்களைகளை அப்போதுதான் கண்ணால் பார்த்தார். மே 10 அன்று அந்தத் தேர்தலில் ஜெயித்தார். ஜனாதிபதியானதும் போட்ட முதல் உத்தரவே ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பொருளை அதிகப்படுத்துவது பற்றியது.

1961 மே 29 அன்று விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் நேரில் வெல்ச்சுக்கு வந்து முதல் கூப்பன்களைக் கொடுத்தார். வாங்கியவர்கள் பதின்மூன்று பிள்ளைகள் பெற்ற ஒரு தம்பதி. கூப்பனின் மதிப்பு 95 டாலர். ஊர் சூப்பர் மார்க்கெட்டில் அவர்கள் முதலில் எடுத்து வைத்தது பன்றி இறைச்சி சேர்த்த பீன்ஸ் டப்பா. பத்திரிகைக்காரர்கள் அதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை காமிரா அந்தக் குடும்பத்தைச் சூழ்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து, 1964-ல், அது நிரந்தரச் சட்டமாகிவிட்டது. இன்னொன்று, அன்றைக்கு அது முழு இலவசம் இல்லை. தங்களால் முடிந்த அளவு பணம் கட்டி, கட்டியதைவிடக் கூடுதல் மதிப்புள்ள கூப்பனை வாங்க வேண்டும்.

நிலக்கரி விளைகிற பூமி என்கிறீர்கள், அப்புறம் ஏன் அங்கே ஏழ்மை? உழைக்க மனமில்லையோ? (திருப்பூர் வாசகர்)

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1940 ஜனவரி 10 அன்று அந்தக் கவுண்டியின் பார்ட்லி என்ற ஊரில் ஒரே ஒரு சுரங்க வெடிவிபத்தில் 91 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் மற்ற சுரங்கங்களில் ஆட்கள் பூமிக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். சோம்பேறிகள் செய்கிற வேலையா அது?

இனி முதல் பாதி. அந்த மலைகளுக்குள் இருப்பது சாதாரணக் கரி இல்லை. போகாஹாண்டஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கரி அதிகம் புகையாது, சூடு அதிகம், எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் என்கிற சுட்ட கரி தயாரிக்க முதல் தரம். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அதை விரும்பி ஏற்றிக்கொண்டன. 1880-களின் கடைசியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் மலையைக் குடைந்துகொண்டு உள்ளே வந்தது, 1892-ல் ஒஹையோ வரை பாதை முடிந்துவிட்டது. ஆனால் கவனிக்க வேண்டியது ரயிலுக்கு முன்னால் யார் வந்தார்கள் என்பது. நில வியாபாரிகள் வந்தார்கள். மக்காச்சோளமும் பன்றியும் வளர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த மலைக் குடியானவர்களிடம் இருந்து அடிமாட்டு விலைக்கு நிலத்தையும், நிலத்துக்குக் கீழே இருக்கிற கனிம உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதில் பெரும்பகுதி பிறகு ரயில் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆக முதல் வண்டிக் கரி வெளியே போவதற்கு முன்பே அந்த மலை உள்ளூர்க்காரர்களுடையதாக இல்லை. என்னைக் கேட்டால் மெக்டவலின் மொத்தக் கதையும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கம்பெனி வீடு கட்டிக் கொடுக்கும், வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்ளும். டாக்டர் கம்பெனியின் ஆள், கோயில் கம்பெனி நிலத்தில், மளிகை கம்பெனிக் கடையில். பல இடங்களில் கூலிக்கு முன்பணம் கேட்டால் அரசாங்கப் பணம் கொடுக்காமல் 'ஸ்கிரிப்' என்கிற கம்பெனி டோக்கன் கொடுப்பார்கள், அது கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும். வேலையிலிருந்து நின்றால் வீட்டிலிருந்தும் கிளம்ப வேண்டும். கேரி என்ற ஊரை 1902 வாக்கில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி உண்டாக்கியது, அந்தக் கம்பெனியின் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தது. இந்தியானா மாநிலத்தில் அவர்களுடைய பெரிய எஃகு ஆலை இருக்கிற நகரத்துக்கும் அதே பெயர்தான். ஒரு கேரியில் வெட்டி, இன்னொரு கேரி போன்ற ஆலை நகரங்களில் உருக்கி, லாபத்தை நியூயார்க்கில் எண்ணினார்கள்.

1950-ல் நாட்டிலேயே அதிகம் கரி எடுக்கும் கவுண்டி இதுதான், மக்கள்தொகை 98,887. அதே சமயத்தில்தான் இயந்திரம் வந்தது. ஐம்பது பேர் வெட்டிய கரியைப் பத்துப் பேர் வெட்டினால் போதும். ரயில் எஞ்சின்கள் டீசலுக்கு மாறின, வீடுகளும் கரி அடுப்பை விட்டன, 1980-களில் அமெரிக்க எஃகுத் தொழிலே படுத்துவிட்டது. 1986-ல் யு.எஸ். ஸ்டீல் கேரியில் கடைசிச் சுரங்கத்தையும் மூடிவிட்டுப் போனது. 2020 கணக்கெடுப்பில் மொத்தக் கவுண்டிக்கும் 19,111 பேர். ஐந்தில் நான்கு பங்கு ஜனம் போய்விட்டது.

கரி தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றும் அங்கே சுரங்கங்கள் ஓடுகின்றன, எஃகுக்கான கரி இன்றும் ரயிலேறி வர்ஜீனியா துறைமுகத்துக்குப் போகிறது. அமெரிக்காவின் இந்த ரகக் கரியை வாங்குகிற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆள்தான் அதிகம் தேவைப்படுவதில்லை.

நேரில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? (மதுரை)

இல்லை. பல வருஷமாகப் படித்துச் சேர்த்த ஆர்வம்தான்.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்கார மலைவாசிகள்தானே? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

இன்றைக்குப் பெரும்பாலும் அப்படித்தான், முன்பு அப்படி இல்லை. சுரங்கத்துக்கு ஆள் பற்றாமல் கம்பெனி ஏஜென்டுகள் இரண்டு திசையில் போனார்கள். ஒரு பக்கம் ஹங்கேரி, போலந்து, இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். இன்னொரு பக்கம் வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமாவின் பருத்திக் காட்டையும் புகையிலைக் காட்டையும் விட்டு வந்த கறுப்பர்கள். நல்ல காலத்தில் கவுண்டியில் நான்கு பேரில் ஒருவர் கறுப்பர். டன் கணக்கில்தான் கூலி, தள்ளுவண்டியில் கிடக்கும் கரியை யார் வெட்டினார் என்று தராசுக்குத் தெரியாது. ஆனால் மேஸ்திரி வேலை வெள்ளையருக்கு, பள்ளிக்கூடம் தனித்தனி, குடியிருப்பும் தனித்தனி.

பக்கத்து வர்ஜீனியாவில் கறுப்பர்களின் ஓட்டுரிமையைச் சட்டம் போட்டே பிடுங்கியிருந்தார்கள், மேற்கு வர்ஜீனியாவில் அதைச் செய்யவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தால் என்ன நடந்தது பாருங்கள். கீஸ்டோன் என்ற சின்ன ஊரிலிருந்து 'மெக்டவல் டைம்ஸ்' என்று கறுப்பர்களின் பத்திரிகை ஒன்று பல வருஷம் வந்தது. 1928-ல் மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், கணவர் இறந்ததால் காலியான அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்டு, மாநில சட்டமன்றத்துக்குப் போனார். அமெரிக்காவிலேயே சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அதே வருஷம் கிம்பால் என்ற ஊரில் முதல் உலகப் போருக்குப் போன கறுப்பு வீரர்களுக்காக ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள், தூணெல்லாம் வைத்து, கம்பீரமாக. 1991-ல் தீயில் எரிந்து கூரை போய் நின்றதைப் பிறகு சீர் செய்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் வரும் ஸ்டீவ் ஹார்வி பிறந்ததும் வெல்ச்சில்தான், 1957-ல்.

இயந்திரம் வந்தபோது முதலில் வேலை போனது கறுப்பர்களுக்கு. டெட்ராய்ட், கிளீவ்லண்ட் என்று கிளம்பிவிட்டார்கள். இப்போது பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஏதோ கோர்ட் வாசலில் சுட்டுக் கொன்றார்களாமே, அது இந்த ஊரா? (சேலம்)

இந்த ஊர்தான். பக்கத்து மிங்கோ கவுண்டியில் மேட்வான் என்ற ஊரின் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டுத் துரத்த கம்பெனிகள் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களைக் கூட்டி வந்தபோது, போலீஸ்காரரான இவர் தொழிலாளிகள் பக்கம் நின்றார். 1920 மே மாதம் அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டையில் பத்துப் பேர் செத்தார்கள், அதில் ஏழு பேர் துப்பறியும் ஆட்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1 அன்று வேறொரு வழக்குக்காக அவரை வெல்ச் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். ஹாட்ஃபீல்டும் நண்பர் எட் சேம்பர்ஸும் மனைவிமாரோடு படியேறும்போது மேலே காத்திருந்த அந்த நிறுவனத்தின் ஆட்கள் சுட்டுத் தள்ளினார்கள். சேம்பர்ஸின் மனைவி கையிலிருந்த குடையால் சுட்டவனை அடித்தார் என்பார்கள். யாருக்கும் தண்டனை இல்லை.

அந்தக் கோபத்தில்தான் அந்த மாதக் கடைசியில் பத்தாயிரம் தொழிலாளிகள் துப்பாக்கியோடு லோகன் கவுண்டியின் பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள், மத்திய அரசு ராணுவத்தை அனுப்பித்தான் அடக்க முடிந்தது. இவ்வளவும் அமெரிக்கப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் ரொம்ப நாள் ஒதுக்கித்தான் வைக்கப்பட்டிருந்தது.

ராக்கெட் விட்ட பையன் கதை உண்மையா? (எட்டாம் வகுப்பு மாணவி, புதுக்கோட்டை)

உண்மை, கண்ணு. ஹோமர் ஹிக்கம் என்று பெயர். கோல்வுட் என்ற சுரங்க ஊர், அப்பா சுரங்கக் கண்காணிப்பாளர். 1957-ல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானத்தில் போனதைப் பார்த்துவிட்டு நண்பர்களோடு சேர்ந்து ராக்கெட் செய்ய ஆரம்பித்தான், ஆரம்பத்தில் எல்லாம் வெடித்தது. 1960-ல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினான். பின்னாளில் நாசாவில் என்ஜினியர் ஆனார் (பரிசு வாங்கியபின் 'ஆர்' போட்டுவிட வேண்டும்). அவர் கதை 1999-ல் படமாக வந்தபோது, அதை டென்னஸி மாநிலத்தில் எடுத்தார்கள். அந்த லாபமும் வெளியூருக்கே.

ஏழைகள் ஏன் ட்ரம்புக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? (பலர்)

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் 2016-ல் பத்திரிகைக்காரர்கள் கார் கார் ஆக அங்கே போய் இறங்கினார்கள். 2008-ல் அதே கவுண்டி ஒபாமாவுக்கு 53 சதவீதம் கொடுத்தது என்பதை அவர்களில் பலர் கடைசிப் பத்தியில்தான் எழுதினார்கள். 2012-ல் எதிரணியான குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 64 சதவீதம், 2016-ல் ட்ரம்புக்கு நான்கில் மூன்று பங்கு. தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை, எட்டே வருஷத்தில் தலைகீழ். சுற்றுச்சூழல் விதிகளால் கரி சாகிறது என்ற பயம் ஒரு காரணம். சுரங்கத் தொழிலாளர் சங்கம் சுருங்கிப்போனது இன்னொரு காரணம், ஓட்டை ஒரு பக்கம் சேர்த்துக் கட்டி வைத்திருந்த கயிறு அதுதான். வாக்குச்சாவடிக்கே வராதவர்களும் ஏராளம். 'கரியைத் திரும்பக் கொண்டுவருகிறேன்' என்றவரை நம்பினார்கள் என்பதைவிட, அந்த ஊரின் பெயரையாவது ஒருவர் சொன்னாரே என்று போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

இப்போது பிழைப்பு எப்படி ஓடுகிறது? (ஒரு மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

உங்களுக்குப் பிடிக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறேன். 2005-ல் கிம்பாலில் வால்மார்ட் வந்தது. வந்ததும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், சிறு கடைகள் படுத்தன. 2016 ஜனவரியில் அந்த வால்மார்ட்டும் மூடிக்கொண்டு போய்விட்டது, கம்பெனி உலகம் முழுவதும் 269 கடைகளை மூடிய வரிசையில் இதுவும் ஒன்று. இன்னொரு பெரிய கடைக்கு மலை ரோட்டில் வெகுதூரம் போக வேண்டிய நிலை. உள்ளூர் உணவு வங்கிக்கு நிறைய பண்டம் கொடுத்ததும் அந்தக் கடைதான், அதுவும் நின்றது. சுரங்கக் கம்பெனி, அப்புறம் வால்மார்ட். வருவதையும் போவதையும் வேறெங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

இப்போது வேலை என்றால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கவுண்டி ஆபீஸ், சிறை. 2010-ல் மத்திய அரசு அங்கே ஒரு சிறை திறந்தது. மிச்சமிருக்கும் சுரங்கங்கள். அப்புறம் ஏடிவி என்கிற மலையேறும் நான்கு சக்கர வண்டி. ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதை என்று பழைய சுரங்க நிலங்களின் வழியாகப் பாதை போட்டிருக்கிறார்கள், வாரக் கடைசியில் வெளி மாநிலத்துக்காரர்கள் சேறு பூசிக்கொள்ள வருகிறார்கள், காலி வீடுகள் சில தங்கும் விடுதி ஆகியிருக்கின்றன.

மோசமானதையும் மறைக்க வேண்டாம். சுரங்கத்தில் முதுகும் நெஞ்சும் போனவர்களுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை ஊரையே பிடித்துக்கொண்டது. மாத்திரையையும் போதை மருந்தையும் அளவு மீறி எடுத்துச் செத்தவர்கள் விகிதத்தில் நாட்டிலேயே மேல் வரிசையில் இருந்தது இந்தக் கவுண்டி, பேரப்பிள்ளைகளை வளர்ப்பது பல வீடுகளில் பாட்டிகள்தான். 2013 வாக்கில் வந்த ஆய்வில் ஆண்களின் சராசரி ஆயுள் 64, அமெரிக்கக் கவுண்டிகளிலேயே கடைசி. குழாய்த் தண்ணீர் இன்னொரு தலைவலி. கம்பெனிகள் போட்ட குழாய்கள் கம்பெனிகளோடு கைவிடப்பட்டன, ரோட்டோர ஊற்றில் குடம் குடமாக, மன்னிக்கவும், கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். 2001-லும் 2002-லும் வெள்ளம் வந்து அடித்துப் போனது. 2025 பிப்ரவரியில் மறுபடியும்.

ஆசிரியர்கள் தங்க நல்ல வீடில்லாமல் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று அமெரிக்க ஆசிரியர் சங்கம் முன்னின்று வெல்ச்சில் ஆசிரியர்களுக்காக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே கட்டியது. இதை நல்ல செய்தியில் சேர்ப்பதா கெட்ட செய்தியிலா என்று எனக்குக் குழப்பம்.

இவ்வளவு கஷ்டம் என்றால் கிளம்பிப் போக வேண்டியதுதானே? (சென்னை)

எண்பதாயிரம் பேர் கிளம்பித்தான் போனார்கள், மேலே கணக்குச் சொன்னேன். இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்றால், வீட்டை விற்றால் வெளியூரில் ஒரு வருஷ வாடகைக்கும் ஆகாது. வயதான அம்மா இருக்கிறாள். மேட்டில் தாத்தாவின் கல்லறை இருக்கிறது. ஆனால் கஷ்டத்தை மட்டும் வைத்து அவர்களை அளந்தால் அவர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். நார்த்ஃபோர்க் என்று ஒரு துக்குணி ஊர், அதன் பள்ளி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு வருஷம் மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை வாங்கியது. 1985-ல் பிள்ளைகள் போதவில்லை என்று உயர்நிலைப் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். அந்த எட்டுக் கோப்பையைப் பற்றிக் கேளுங்கள், சாயங்காலம் வரை பேசுவார்கள். ஃபுட் ஸ்டாம்ப் பற்றிக் கேட்டால் காமிராக்காரன் வந்துவிட்டான் என்று கதவைச் சாத்துவார்கள்.

என் மகன் வட கரோலினாவில் இருக்கிறான். போனால் என்ன பார்க்கலாம்? (ராஜபாளையம்)

ப்ளூஃபீல்டு வரை நல்ல ரோடு, அங்கிருந்து 52-ஆம் நம்பர் ரோடு, வளைவு வளைவாக. கீஸ்டோன், கிம்பால் வழியாகவே வெல்ச் வரும். கிம்பாலில் அந்த நினைவு மண்டபத்தில் நிறுத்துங்கள். வெல்ச்சில் நீதிமன்றப் படிகளில் ஏறிப் பாருங்கள், கீழே டவுன் முழுசாகத் தெரியும். பயணிகள் ரயில் கிடையாது, ஆனால் கரி வண்டி வரும், கடைசிப் பெட்டி போய்த்தீர ரொம்ப நேரம் ஆகும், கேட்டில் மாட்டினால் இறங்கி நின்று எண்ணலாம். போன் சிக்னல் பாதி இடங்களில் இருக்காது என்பதால் வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்ரோலை ப்ளூஃபீல்டிலேயே போட்டுவிடட்டும்.